பின் ஆக்ஸிலுக்கு கிரீஸ் நிப்பிள்: வாங்கிப் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது

என் ஏடிவியில் (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) இரண்டாவது முறையாகப் பின் ஆக்ஸில் பேரிங்கைக் கழற்றியபோது, பேரிங்குகளைத் தாங்கும் கூடான கேரியருக்குள்ளிருந்து துரு கரைந்த தண்ணீர் கொட்டியது. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான வெளிப்பக்க சீல் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. கிழியவில்லை, உதடு தேயவில்லை. பிறகு எப்படித் தண்ணீர் உள்ளே போனது? ஓடிச் சூடான கேரியர் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் உதட்டு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டு பேரிங்குக்கும் நடுவே, அவற்றை விலக்கி வைக்கும் குழாயான ஸ்பேசரைச் சுற்றிக் காலியாகக் கிடக்கும் இடம் அதற்குத் தொட்டி மாதிரி ஆகிவிடுகிறது. போன தண்ணீர் திரும்பி வர வழியே இல்லை.

அந்தக் காலி இடத்தை கிரீஸால் நிரப்பி வைக்கத்தான் இந்த நிப்பிள் பெட்டியை வாங்கினேன். நிப்பிள் என்பது கிரீஸை உள்ளே விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் சின்ன வால்வு. நேர், 45 பாகை, 90 பாகை என்று மூன்று வடிவம். எம்6, எம்8 (6, 8 மில்லிமீட்டர் மரை) என்று இரண்டு அளவு. கூடவே ஒரு கைக்கு அடக்கமான கிரீஸ் கன். சில இடங்களில் நிப்பிளையே ஸெர்க் என்று கேட்டால்தான் தெரியும். 1929இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஆஸ்கர் ஸெர்க்கின் பெயர் அது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நேர் நிப்பிள்கள் அருமை. மரை சுத்தமாக இருக்கிறது, உள்ளே இருக்கும் குண்டு அமுக்கினால் இறங்கி, விட்டதும் துள்ளி மேலே வருகிறது. எம்6க்கு 5 மில்லிமீட்டர் துளை போட்டு, 1 மில்லிமீட்டர் பிட்ச் (மரை இடைவெளி) உள்ள டேப் என்ற மரை வெட்டும் கருவியால் மரை வெட்டினேன். நிப்பிளின் மரை அடியில் சற்றுக் குறுகலாக இருப்பதால் டேப்பை முழுக்க இறக்கக் கூடாது. கொஞ்சம் மிச்சம் வைத்தால், கடைசி ஒன்றரைச் சுற்றில் நன்றாக இறுகிப் பிடிக்கிறது. கேரியர் வார்ப்பு அலுமினியம், அதனால் இறுக்குவதில் நிதானம் வேண்டும். துளை போடுவதற்கு முன் பேரிங், ஸ்பேசர், சீல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் தடவிக்கொண்டால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அப்படியும் நான் கேரியரை மூன்று முறை கழுவினேன்.

எங்கே துளை போடுவது என்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அடியில் போட்டால் கல் அடிக்கும். என்னுடையது செயினை இறுக்கும்போது கேரியரே சுழலும் வகை. இன்று வசதியாக இருக்கும் இடம், செயின் தேய்ந்து நாலு முறை இறுக்கிய பிறகு ஸ்விங் ஆர்முக்குள் (பின் ஆக்ஸிலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) போய் ஒளிந்துகொள்ளும். கேரியரை இரண்டு கடைசிக்கும் திருப்பிப் பார்த்து, எந்த நிலையிலும் கன் எட்டுகிற இடத்தில் பேனாவால் குறித்த பிறகுதான் டிரில்லைத் தொட்டேன்.

இனி குறைகள். 90 பாகை நிப்பிள்களை நம்பி இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். ஒன்றில் குண்டு உள்ளே போய் அப்படியே சிக்கிக்கொண்டது. இன்னொன்று இறுகி நின்றபோது மூக்கு சக்கரத்தைப் பார்த்து நின்றது, திருப்பினால் தளர்கிறது. கடைசியில் 45 பாகை ஒன்றைப் போட்டேன். முலாமும் மெல்லியது. ஒரு மழைக்காலம் தாண்டியதும் அறுகோண விளிம்பில் சிவப்புத் துரு தெரிகிறது. ரப்பர் மூடி ஒன்றுகூட வைக்கவில்லை. மூக்கில் ஒட்டிய மணலைத் துடைக்காமல் கன்னை மாட்டினால், அந்த மணலை நாமே பேரிங்குக்குள் தள்ளுகிறோம் என்று அர்த்தம். மூடியைத் தனியாக வாங்கிக்கொண்டேன்.

கிரீஸ் கன் பற்றி: ஒரு அமுக்குக்கு வருவது ஒரு கிராம்கூட இல்லை. காலிக் கேரியரை இதனால் நிரப்பக் கிளம்பினால் கை ஓய்ந்துவிடும். முதல் தடவை கையாலேயே நடு இடத்தை அடைத்துவிட்டு பேரிங்கை ஏற்றுங்கள். ஆனால் அளவில் சிறியதாக இருப்பது இங்கே நல்லது என்றுதான் சொல்வேன். பெரிய லீவர் கன் கொடுக்கும் அழுத்தத்தில் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

பலரும் விட்டுவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. இருபுறமும் ரப்பர் மூடிய பேரிங் போட்டிருந்தால், உள்பக்கம் பார்க்கும் ரப்பர் மூடியை மெல்லிய கத்தியால் நெம்பி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நீங்கள் அடிக்கும் கிரீஸ் குண்டுகளை எட்டவே எட்டாது. வெளிப்பக்க மூடி அப்படியே இருக்கட்டும். அடுத்தது, வெளியேறும் வழி. நிப்பிளுக்கு எதிர்ப்புறம் இன்னொரு எம்6 துளை போட்டு, தலையில்லாத திருகால் மூடியிருக்கிறேன். அங்கேயும் மரையை அடிவரை வெட்டவில்லை; இல்லையென்றால் திருகு இறங்கி ஸ்பேசரில் உரசும். கிரீஸ் அடிக்கும்போது திருகைக் கழற்றிவிட்டால் பழையது அந்த வழியாக வரும், சீலுக்கு அழுத்தம் ஏறாது.

பேரிங்கில் பாதிக்கு மேல் கிரீஸ் அடைக்கக் கூடாது என்று சொல்வார்கள். வேகமாகச் சுற்றும் மோட்டாருக்கு அது சரி. 20 அங்குல டயரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நம் ஆக்ஸில் நிமிடத்துக்கு 630 சுற்றுக்குப் பக்கம்தான் சுற்றுகிறது. அந்த வேகத்தில் நிறைய கிரீஸ் இருப்பதால் சூடேறி நான் பார்க்கவில்லை. நான் போடுவது தண்ணீரைத் தாங்கும் என்எல்ஜிஐ 2 கிரீஸ் (என்எல்ஜிஐ எண் கிரீஸின் கெட்டித்தன்மையைக் காட்டும்). ஒரே வகையைத்தான் போடுகிறேன். சில கிரீஸ்கள் ஒன்றோடொன்று கலந்தால் இளகி ஓடிவிடும்.

அடித்து முடித்ததும் ஆக்ஸிலைச் சுற்றிப் பார்த்து, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். பின் பிரேக் டிஸ்க் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு பொட்டு கிரீஸ் பட்டாலும் பிரேக் பிடிக்காது.

எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஓடையில் ஓட்டிவிட்டு வந்து, திருகைக் கழற்றி அடித்தேன். முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு துளித் தண்ணீர், பின்னால் கலங்கிய கிரீஸ், பதினைந்தாவது அமுக்கில் புது நீல கிரீஸ். பின் பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. துருப்பிடித்த 45 பாகையை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஒன்று போடப் போகிறேன். பெட்டியில் மீதமிருக்கும் நேர் நிப்பிள்களில் இரண்டு ஸ்விங் ஆர்ம் பிவட்டுக்கு.