ராஸ்பெரி பையா, மினி பிசியா, பழைய லேப்டாப்பா: உப்புக்காத்துக்கு எது தாங்கும்?

வீட்டு சர்வருக்கு, அதான் வீட்லயே எந்நேரமும் ஓடுற கம்ப்யூட்டருக்கு, கைக்கடக்கமான ராஸ்பெரி பை போர்டா, மினி பிசியா, பழைய லேப்டாப்பா, எத வாங்கலாம்னு கேட்டா எல்லாரும் ப்ராசசர், ராம்னு ஆரம்பிச்சிருவாங்க. நம்ம கடக்கரை பக்கம் அதெல்லாம் அப்புறம், கரண்டு போனா என்ன ஆகும், ஆடில கச்சான் காத்து அடிச்சா என்ன ஆகும்னுதான் மொதல்ல பாக்கணும். நான் கீழக்கரைல, கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி, மூணையும் ஓட்டிப் பாத்துட்டேன். வேலை பெருசா ஒன்னுமில்ல, வீட்டு போட்டோவெல்லாம் இம்மிச்ங்குற போட்டோ சாஃப்ட்வேர்ல ஏத்துனா துபாய்ல இருக்குற காக்கா (எங்க அண்ணன்) பாக்கணும், விளம்பரத்த தடுக்க ஆட்கார்ட் ஹோம், சாயங்காலம் உம்மாவுக்கு டிவில படம் பாக்க ஜெல்லிஃபின்.

மொதல்ல வாங்குனது பை 4. எஸ்எஸ்டியோட சேத்தே 5 வாட்ஸ்தான், ரெண்டு மாச பில்லுக்கு 7 யூனிட். ஆனா நான் ஆரம்பத்துல எஸ்டி கார்டுலயே ஓட்டுனேன், ஒரு ராத்திரி கரண்டு நாலு தடவ போய் வந்துச்சு, காலைல ஆன் ஆகவே இல்ல, கார்டு செத்துப்போச்சு. சரின்னு ரவுட்டர் யுபிஎஸ்ல இருக்குற 5 வோல்ட்டுல மாட்டுனா அது 2 ஆம்பியர்தான் குடுக்குது, பை கேக்குறது 3, டிஸ்க்குக்கு வேலை வர்ற நேரமா பாத்து மயங்கி விழும். 2023ல வந்த பை 5 வேகம்தான், ஆனா அதுக்கு 5 ஆம்பியர் அடாப்டர் வேணும், இல்லன்னா யுஎஸ்பி போர்ட் எல்லாத்துக்கும் சேத்தே 600 மில்லி ஆம்பியர்தான் விடும், போதாக்குறைக்கு வீடியோவ வேற ஃபார்மட்டுக்கு மாத்துற (என்கோட்) ஹார்டுவேரையும் எடுத்துட்டாங்க.

மினி பிசி ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்டா எடுத்தது, இன்டெல் 6ம் தலைமுறை ஐ5 6500டி, 8 ஜிபி ராம். சும்மா இருக்கும்போது 10, 12 வாட்ஸ், ரெண்டு மாசத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல போகும், 100 யூனிட் இலவசத்துக்குள்ள இருக்குற வீட்டுக்கு இது ஒரு விஷயமே இல்ல, 500 பக்கம் போறவங்க மட்டும் யோசிங்க. வீடியோவ மாத்துறதுக்குன்னே சிப்புக்குள்ள இன்டெல் குயிக் சிங்க் இருக்கறதால ஜெல்லிஃபின் வீடியோவ மாத்திக் குடுக்கறது தெரியவே தெரியாது (10 பிட் ஹெச்இவிசிங்குற வீடியோ ஃபார்மட் மட்டும் இந்த தலைமுறைல முக்கும், 7ம் தலைமுறை கெடச்சா அதையே எடுங்க). பயோஸ்ல கரண்டு வந்தா தானா ஆன் ஆகுற செட்டிங்கையும் போட்டு விட்டுட்டேன்.

ஆனா ஃபேன். ஒரு ஆடி முடிஞ்சு மூடிய கழட்டுனா ஃபேன் றெக்கைல உப்பும் தூசியும் ஈரத்துல கொழஞ்சு அப்பமாட்டம் ஒட்டிக் கெடக்கு, நெட்வொர்க் போர்ட்டுக்குள்ள இருக்குற எட்டு கம்பில ரெண்டுல பச்சையா களிம்பு, லிங்க் ஒரு ஜிபில இருந்து 100ல வந்து நிக்கிது, நான் ஒரு வாரமா கேபிள மாத்தி மாத்தி போட்டுட்டு இருந்தேன். அலுமினிய கேஸ்ல ஃபேன் இல்லாம இருந்த பைக்கு வெளிய வெள்ளப்பொடி பூத்துருக்கு, உள்ள ஒன்னுமே இல்ல. பாம்பன் புதுப் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் கம்பி, தனி பெயின்டுன்னு பாத்துப் பாத்து செஞ்சாங்க, நம்ம மெஷினுக்கு யாரு செய்வா. இப்ப மினி பிசிய ஜன்னலுக்கு எதுத்தாப்புல வைக்காம அலமாரிக்குள்ள தள்ளிட்டேன், ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிரஷ், காலியா இருக்குற போர்ட்டுக்கு ரப்பர் மூடி.

பழைய லேப்டாப் காசே இல்லாம வர்றது, பேட்டரிதான் யுபிஎஸ். ஆனா எந்நேரமும் சார்ஜ்லயே கெடந்தா இந்த வெக்கைக்கு பேட்டரி உப்பிரும், 80 சதவீதத்துல நிறுத்துற வசதி இருந்தா கண்டிப்பா போடுங்க. பேட்டரி தீந்து அணைஞ்சா என்னோடது தானா எந்திரிக்காது. நான் மதுரைல இருந்தப்ப உம்மாவுக்கு போன் போட்டு "உம்மா, மூடிய தொறந்து ஓரத்துல இருக்குற வட்ட பட்டன அமுக்குங்க"ன்னா, "எந்த வட்டம்டா, ரெண்டு இருக்கு"ன்னாங்க.

வெளிய இருந்து பாக்குற விஷயத்துல மூணும் ஒன்னுதான், ரவுட்டர்ல வேன் ஐபி (WAN IP, வெளிப்பக்க முகவரி) 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா சிஜிநாட், அதாவது ஒரே பொது முகவரிய பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுக்குறாங்க, வெளிய இருந்து நேரா உள்ள வர முடியாது, போர்ட் ஃபார்வர்டிங்னு மண்டைய ஒடைக்காதீங்க, டெய்ல்ஸ்கேல்ங்குற விபிஎன் ஆப் போட்டு விட்டா காக்கா அங்கருந்தே பாத்துக்குவாரு.

இப்ப போட்டோவும் ஜெல்லிஃபினும் மினி பிசில, இன்வெர்ட்டர் லைன்ல. பைல ஆட்கார்ட் மட்டும், நல்ல அடாப்டரோட. லேப்டாப் ராம்நாட்ல லாத்தா (அக்கா) வீட்ல இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு போட்டோ எல்லாம் அங்க ஒரு காப்பி போயிரும், அணைஞ்சா அமுக்க லாத்தா மகன் இருக்கான்.