பள்ளிக்கு ‘டிஎன்எஸ் சர்வர்’ போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் பள்ளியில் பாடக்குறிப்பு, மாதிரித் தேர்வு எல்லாம் பள்ளிக்குள்ளேயே ஒரு சர்வரில் ஓடுகின்றன. இணையம் போனாலும் பிள்ளைகள் படிக்கலாம் என்றுதான் இப்படி வைத்தோம். 192.168.1.20 என்று அடிக்கச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பெயரை அடித்தால் தளம் திறக்க வேண்டும். பெயரைச் சொன்னால் அதற்குரிய எண் முகவரியைச் (ஐபி) சொல்வதுதான் டிஎன்எஸ் சர்வரின் வேலை. அப்படி ஒன்றைப் பள்ளிக்குள் அமைத்துத் தருவதாக ஒருவர் வந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்திலிருந்து 18,000 ரூபாய் கொடுத்தோம்.

ஆய்வகத்தில் 32 கணினிகளிலும் திறந்து காட்டினார். ஆசிரியர்களின் போனில் மட்டும் வரவில்லை. “அது போன் பிரவுசர் பிரச்சினை சார், கம்ப்யூட்டர்ல வருதுல்ல?” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அங்கேயே பிடித்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, தேர்வு நாளன்று மின்சாரம் போய் வந்தது. அப்புறம் ஒரு கணினியிலும் தளம் திறக்கவில்லை. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருக்க, போன் செய்தால் “ஆன்டிவைரஸ் வேலை சார், ஏஎம்சி போட்டுக்கோங்க” என்கிறார், அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்திதான் கண்டுபிடித்தாள். ஒரு கணினி எட்டுகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைத் தளத்தின் பெயரோடு கொடுத்தால் கணினி 192.168.1.20-ஐத் தேடுகிறது. பெயருக்குரிய முகவரியைக் கேட்கும் என்எஸ்லுக்அப் கட்டளையைக் கொடுத்தால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. என்எஸ்லுக்அப் நேராக டிஎன்எஸ் சர்வரைத்தான் கேட்கும், பெயர்களையும் முகவரிகளையும் அந்தந்தக் கணினிக்குள்ளேயே எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது. அதாவது டிஎன்எஸ் சர்வர் என்று ஒன்று போடப்படவே இல்லை. 32 கணினிகளிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். போனில் வராததும் அதனால்தான். சர்வருக்கு மாறாத, நிலையான ஐபி கூடக் கொடுக்கவில்லை. ரவுட்டர் மறுபடி எழுந்தபோது சர்வருக்கு 192.168.1.34 கிடைத்துவிட்டது; கணினிகளோ பழைய 20-ஐயே தேடிக்கொண்டிருந்தன.

பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளைப் போட்டு நாங்களே சரிசெய்தோம். செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்வருக்கு 20-ஐ ரவுட்டரிலேயே ஒதுக்கினோம். ரவுட்டர் எல்லோருக்கும் கொடுக்கும் டிஎன்எஸ் முகவரியாக அந்தப் பழைய கணினியை மட்டும் வைத்தோம். இரண்டாவதாக 8.8.8.8 என்ற கூகுளின் பொது டிஎன்எஸ்ஸைச் சேர்க்காதீர்கள், கணினி சில நேரம் அதைக் கேட்கும், அதற்கு நம் உள் பெயர் தெரியாது. அவர் ‘.லோக்கல்’ என்று முடியும்படி வைத்த பெயரையும் மாற்றினோம். அந்தக் கடைசிப் பகுதி 2013-லேயே வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டது. உள் வலைக்கென்று 2024-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கியது ‘.இன்டர்னல்’; அதையே வைத்தோம். இப்போது போனிலும் திறக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை. அதே ஆள் பக்கத்துப் பள்ளிகளிலும் வேலை எடுத்திருப்பதாகக் கேள்வி. அங்குள்ள ஆசிரியர்கள் இன்றே ஒரு கணினியில் பாருங்கள்: சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி. உள்ளே ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு நோட்பேடில் திறக்கும். கடைசி வரியில் உங்கள் பள்ளியின் பெயர் இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.