பிக்மி எண் இல்லையென்று திருப்பி அனுப்பினால் எழுதித் தரச் சொல்லுங்கள்

வடசென்னையில் தத்துக் குழந்தையோடு இருக்கும் பெற்றோருக்காகவும், காத்திருப்புப் பட்டியலில் நிற்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்கள் மகளுக்கு ஒரு தவணைத் தடுப்பூசி போட ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்துக்குள் 7,500 ரூபாயை ஒரு ஆளிடம் ஏமாந்தோம். இன்னும் கொஞ்சம் அசந்திருந்தால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழே பொய்யாகியிருக்கும்.

நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. 2020-ல் காரா என்ற மத்திய தத்தெடுப்பு அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்து, வீட்டாய்வு முடிந்து, மூன்றரை வருடம் காத்திருந்தோம். 2024 பிப்ரவரி முதல் வாரத்தில் வேறொரு மாவட்டத்துத் தத்து மையத்திலிருந்து மகளைக் கூட்டி வந்தோம். அப்போது அவளுக்கு நான்கு மாதம். பிறந்தவுடன் போடும் ஊசி, ஆறாவது வாரம், பத்தாவது வாரம் எல்லாம் மையத்தில் போட்டிருந்தார்கள். பதினான்காவது வாரத்தில் சளியும் இளைப்புமாக இருந்ததால் தள்ளிவைத்து, அட்டையில் அதைக் குறித்தும் கொடுத்தார்கள். "வீட்டுக்குப் போனதும் முதல் புதன்கிழமை போட்டுடுங்க" என்று மையத்து மேடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிப்ரவரி 14, புதன்கிழமை. எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்று இங்கே எழுதவில்லை. அங்கேயே இன்னும் எத்தனையோ குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டியிருக்கிறது.

சிஸ்டர் அட்டையைப் பார்த்தார். "அம்மாவோட பிக்மி நம்பர் சொல்லுங்க" என்றார். கர்ப்பம் பதிவு செய்யும்போது கொடுக்கிற எண் அது. பிரசவம், பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் தடுப்பூசி எல்லாம் அதை வைத்துத்தான் கணினியில் போகிறது. என்னிடம் ஏது அந்த எண்? மெல்லிய குரலில், இவள் தத்துப் பிள்ளை என்றேன். அவர் மெல்லிய குரலில் பதில் சொல்லவில்லை. "சொந்தக் குழந்தை இல்லையா? அப்ப பெத்தவ நம்பர் வேணும்மா. நம்பர் இல்லாம சிஸ்டத்துல ஏறாது, ஏத்தாம ஊசி போட முடியாது" என்றார். பெஞ்சில் இருபது தாய்மார்கள். எல்லோர் தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. எங்கள் பின் தெருப் பெண் ஒருத்தியும் இருந்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

தத்தெடுத்ததை நாங்கள் மறைக்கவில்லை. மகளுக்கும் சொல்லித்தான் வளர்ப்போம். ஆனால் அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது எங்கள் குடும்பத்து விஷயம், நாளைக்கு அவளுடைய விஷயம். தத்தெடுப்புப் பதிவுகளை இரகசியமாக வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஊசி போடும் பெஞ்சுக்கு அந்த விதி வந்து சேரவில்லை.

பிப்ரவரி 21 மறுபடி போனேன். இந்த முறை கையில் முழுக் கோப்பு: வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தையை எங்களிடம் ஒப்படைத்த ஆவணம், குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "ஆர்டர் வந்ததும் வாங்க" என்றார்கள். தத்தெடுப்பு ஆணையை முன்பு நீதிமன்றம் கொடுத்தது. 2022 செப்டம்பர் 1-லிருந்து மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். குழந்தை வீட்டுக்கு வந்து ஆணை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தொண்டை அடைப்பானும் கக்குவான் இருமலும் எங்களுக்காகக் காத்திருக்குமா?

சரி, அந்த ஆள் விஷயத்துக்கு வருகிறேன்.

நிலையத்துக்கு வெளியே ஜெராக்ஸ் கடை ஓரத்தில் ஒருவர் எப்போதும் நிற்பார். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்துக் கூப்பிட்டார். "இன்னா தங்கச்சி, பிக்மி நம்பர் தானே? உள்ள நம்ம ஆளு இருக்காங்க. ஒரு வாரத்துல வாங்கித் தர்றேன்" என்றார். 7,500 கேட்டார். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். நான்தான் பிடிவாதம் பிடித்துக் கொடுத்தேன். ரசீது இல்லை, கைப்பணம்.

பிப்ரவரி 28-க்கு ஒரு எண் வந்தது. மார்ச் 6-ஆம் தேதி சிஸ்டர் அதைக் கணினியில் தட்டினார். வியாசர்பாடியில் இருக்கும் வேறொரு பெண்ணின் பெயர் வந்தது, அவள் பிள்ளையின் விவரத்தோடு. அன்றைக்கு அங்கே எனக்கு விழுந்த பேச்சை எழுத முடியவில்லை. திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நானோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றேன். அவளுடைய விவரம் எப்படி வெளியே ஒரு ஆள் கைக்குப் போனது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அந்த ஆளிடம் போனால், அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நம்பரே வேணாம் தங்கச்சி. வீட்டுல பொறந்த குழந்தைன்னு உன் பேர்லயே பிறப்புச் சான்றிதழ் போட்டுடலாம். நாப்பதாயிரம் ஆகும். பின்னாடி யாரும் தத்துன்னு சொல்ல முடியாது" என்றார். கேட்கும்போது ஒரு நொடி ஆசையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. பெஞ்சில் பட்ட அவமானம் அப்படி.

இங்கேதான் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். முறையாகத் தத்தெடுத்த குழந்தைக்கு, ஆணையின் அடிப்படையில் பிறப்புப் பதிவாளரே தத்துப் பெற்றோரைத் தாய் தந்தையாகப் போட்டுச் சான்றிதழ் கொடுப்பார். பிறந்த தேதி ஆணையில் உள்ளபடி இருக்கும். இது சட்டப்படி கிடைக்கும் உரிமை. வீட்டுப் பிரசவம் என்று பொய்ச் சான்றிதழ் வாங்கினால் ஒரே குழந்தைக்கு இரண்டு பிறப்புப் பதிவு இருக்கும். பள்ளியிலோ பாஸ்போர்ட்டிலோ ஒருநாள் அது மாட்டும். குழந்தை விற்கும் கூட்டம் செய்வதும் இதே வேலைதான். 2019-ல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசிய ஒலிப்பதிவு வெளியாகி ஊரே அதிர்ந்தது ஞாபகம் இருக்கும். சான்றிதழும் சேர்த்து வாங்கித் தருவதாகத்தான் அதில் பேரம் நடந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியர் செய்தால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு. நேர்வழியில் வந்த எங்கள் பிள்ளையின் காகிதத்தை நாங்களே அந்தக் கூட்டத்தின் காகிதம் போல ஆக்கியிருப்போம்.

முதல் வாரமே தனியாரில் போட்டிருக்கலாமே என்று அக்கா திட்டினாள். போட்டிருக்கலாம். ஏமாந்த பணத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் இந்த ஊசி இலவசம் என்று சுவரில் எழுதிவைத்திருப்பது எங்கள் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். கொருக்குப்பேட்டை கேட்டில் ரயில் போகக் காத்திருந்து, வெயிலில் நடந்து அங்கே வருகிற எத்தனை பேருக்குத் தனியார் முடியும்?

அப்புறம் நடந்தது இது. தத்து மையத்து மேடத்தை போனில் அழைத்து அழுதேன். அவர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேசி, இந்தக் குழந்தை சட்டப்படி எங்கள் பராமரிப்பில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தார். வீட்டாய்வின்போது பீரோ, குடிதண்ணீர், கழிவறை வரை பார்த்தவர்கள், குழந்தை வந்த பிறகு ஊசிக்கு எங்கே போவீர்கள் என்று கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் பின்தொடர் ஆய்வு உண்டு. ஆனால் குழந்தையின் முதல் ஆறு மாதத்திலேயே பாதிக்கு மேல் ஊசி வந்துவிடுகிறது.

மார்ச் 27, புதன். கடிதத்தைக் காட்டினேன். மறுபடி அதே பதில். இந்த முறை நான் நகரவில்லை. "சரி சிஸ்டர், பிக்மி எண் இல்லாததால் ஊசி போட மறுக்கிறோம்னு இந்த அட்டையில எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் போயிடறேன்" என்றேன். அவர் எழுதவில்லை. உள்ளே போய் மருத்துவ அலுவலரை அழைத்து வந்தார். அந்த அம்மா கோப்பைப் பத்து நிமிஷம் படித்தார். "பதிவேட்டுல எழுதிப் போடுங்க, கணினியை அப்புறம் பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான். ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பெண்டாவேலண்ட் ஊசி, சொட்டு மருந்து எல்லாம் அன்றைக்கே முடிந்தது. ஆறு வாரமாக முடியாதது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்ட பத்து நிமிஷத்தில் முடிந்தது. வாயால் மறுத்ததற்கு எங்கேயும் தடயம் இல்லை, அதனால் யாரும் பொறுப்பில்லை.

சிஸ்டர் மேல் எனக்கு முழுக் கோபம் இல்லை. அவருக்கு முன்னால் இருக்கும் திரையில் தத்துக் குழந்தைக்கு வழி காட்டியிருந்தால் அவரும் கத்தியிருக்க மாட்டார். தத்தெடுப்பு ஒரு துறை, தடுப்பூசி ஒரு துறை, நிலையத்தை நடத்துவது மாநகராட்சி. இடையில் விழுந்தது குழந்தை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை, பதிவு அஞ்சல். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், இருபத்தேழாவது நாள் வந்தது. மறுக்கச் சொல்லும் உத்தரவு எதுவும் தங்கள் கோப்பில் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை இப்போது தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்து எண் வாங்கினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. ஜெராக்ஸ் கடை ஆள் மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். பணம் திரும்பவில்லை, ஆள் இடம் மாறிவிட்டார். மே மாதம் ஆணை வந்தது. பிறப்புச் சான்றிதழும் மையத்தின் வழியாக நேராகவே வந்தது, யாருக்கும் கைப்பணம் கொடுக்காமல்.

தவணை தள்ளிப்போயிருந்தால் பயந்து விட்டுவிடாதீர்கள். பெண்டாவேலண்டை முதல் பிறந்தநாள் வரை போடலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும்.

தகவல் மனுவில் ஏன், யார் பொறுப்பு என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். நகல் கேளுங்கள். நான் எழுதியது இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"தாயின் பிக்மி எண் இல்லாத குழந்தைக்குத் தடுப்பூசி போட மறுக்கும்படி பிறப்பிக்கப்பட்ட அரசாணை, சுற்றறிக்கை அல்லது அலுவலக உத்தரவு ஏதேனும் இருப்பின் அதன் நகல் வேண்டும். தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவுக்கு வழங்கப்பட்ட வழிகாட்டுதல் ஏதேனும் இருப்பின் அதன் நகலும் வேண்டும்."