அடுத்த செயலாளர் எங்கிருந்து வருவார்?

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்குப் பதினாறு வருடமாக ஒரே செயலாளர். போன மழைக்காலத்தில் வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். அன்றிலிருந்து சங்கமும் படுத்துவிட்டது. தெருவிளக்குக்கு யாரைப் பார்க்க வேண்டும், தீர்மானப் புத்தகம் எந்த பீரோவில் இருக்கிறது, காசோலையில் இன்னொரு கையெழுத்து யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மனிதர் நேர்மையானவர், கெட்டிக்காரர். சிக்கலே அதுதான். அவர் இருந்தவரை மற்றவர்களுக்கு எதையும் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே வரவில்லை.

சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆனால் அதே ஆளைத் திரும்பத் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. பொதுக்குழுவில் "சாரே இருக்கட்டும்" என்று ஒருவர் சொல்வார், கை தட்டுவோம், 'ஏகமனதாக' என்று எழுதிக்கொள்வோம், காபி வந்துவிடும்.

சரி, மற்ற அமைப்புகள் அடுத்த ஆளை எப்படித்தான் தயார் செய்கின்றன என்று அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தோம்.

ரோட்டரி வழி

1905-ல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரியில் சங்கத் தலைவருக்கு ஒரே வருடம்தான், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பலரும் இந்த ஒரு வருடக் கணக்கைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதைவிட அதற்கு முந்தைய வருடம்தான் முக்கியமாகப் படுகிறது. அடுத்த தலைவர் யார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். பதவி ஏற்பதற்கு முன்பே அவர் பயிற்சிக்குப் போய்வருவார், இருக்கிற தலைவரின் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார். பதவி முடிந்தவரும் மறைந்துவிடுவதில்லை, 'முன்னாள் தலைவர்' என்ற பெயரில் பக்கத்திலேயே இருப்பார். ஆக, எந்த நேரத்திலும் வேலை தெரிந்தவர்கள் மூன்று பேர். லயன்ஸிலும் துணைத் தலைவர் பதவிகள் ஏணிப்படி மாதிரிதான்.

ஒரு வருடப் பதவிக்கே உரிய கோளாறும் உண்டு. வருகிற ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் ஒரு திட்டம் வேண்டும். போன வருடத்துத் தலைவர் நட்ட கன்றுக்கு இந்த வருடத்துத் தலைவர் தண்ணீர் ஊற்றுவாரா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. வேலைநாளில் கூட்டத்துக்கு வந்துபோக நேரமும், சந்தா கட்டப் பணமும் இருப்பவர்களுக்குத்தான் அந்த ஏணி எட்டும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மகளிர் குழு வழி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், விஷயம் இருக்கிறது. 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் ஆரம்பித்து, பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியவை மகளிர் சுயஉதவிக் குழுக்கள். ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இரண்டு பேர். அவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. ஆனால் உண்மையான பயிற்சி வாராவாரம் பாயில் உட்கார்ந்து நடக்கிறது. சேமிப்புப் பணத்தை எல்லார் முன்னிலையிலும் எண்ணுவார்கள். யாருக்குக் கடன், யார் பாக்கி என்று சத்தமாக வாசிப்பார்கள். தப்பாக வாசித்தால் பத்து குரல் எழும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்குக்கூடக் குழுவின் கணக்கு மனப்பாடம். பதவியில் இல்லாதவர்களுக்கும் பதவியின் வேலை தெரிந்திருக்கிறது என்றால், இதற்கு மேல் என்ன தலைமைப் பயிற்சி வேண்டும்?

பொறுப்பு சுழற்சியில் மாற வேண்டும் என்றும் சொல்லித் தருகிறார்கள். அங்கேதான் வண்டி நிற்கிறது. "எனக்கு நோட்டு எழுத வராதுக்கா, நீங்களே இருங்க" என்று ஒரு குரல் வரும், அக்காவும் மறுக்க மாட்டார். எங்கள் "சாரே இருக்கட்டும்"தான் இது, புடவை கட்டி வந்திருக்கிறது.

அறிவொளி வழி

குறுகிய காலத்தில் ஊர் முழுக்க ஆள் வேண்டுமானால் இதை விட்டால் வழியில்லை. 1991-ல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் அடுக்கடுக்காகப் பயிற்சி கொடுத்தது. முதன்மைக் கருத்தாளர்கள் கருத்தாளர்களுக்கு, அவர்கள் கிராமத்துத் தொண்டர்களுக்கு, தொண்டர்கள் கற்பவர்களுக்கு. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. அ, ஆ எழுதிய கையோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். அதைத் தலைமைப் பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போக யாருடைய துணைக்கும் காத்திருக்க வேண்டாத பெண், பாதித் தலைவர்.

குறை என்னவென்றால், அடுக்கு கூடக் கூட மேலே சொன்னது கீழே வருவதற்குள் நீர்த்துப்போகும். இயக்கம் முடிந்ததும் கட்டமைப்பும் கலைந்துவிடும். மனிதர்கள் மிஞ்சுவார்கள், அமைப்பு மிஞ்சாது. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். பணம் கொடுத்தால் நேரத்துக்கு வரச் சொல்ல முடியும், அது நியாயம்தான். ஆனால் என்ன செய்வது என்பதை மேலிருந்தே தீர்மானித்துவிட்டால் தொண்டர் நல்ல ஆசிரியராக வளர்வார். முடிவெடுக்கும் பழக்கம் வருமா என்பது வேறு கேள்வி.

டோஸ்ட்மாஸ்டர்ஸைப் பற்றி ஒரு வரி. பேச்சுப் பயிற்சிக்கென 1924-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் 'ஆ', 'ம்' எண்ண, ஒருவர் இலக்கணம் கவனிக்க என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பலருக்குச் சின்னச் சின்ன வேலை. கூச்ச சுபாவக்காரர்களுக்கு நல்ல நுழைவாசல். மேடை பழகும், சாக்கடை அடைப்புக்கு நகராட்சியில் மல்லுக்கட்டுவது பழகாது.

ஐம்பது வீட்டுச் சங்கத்துக்கு எது ஒத்துவரும்? ரோட்டரியின் முன்கூட்டியே தெரிந்த வாரிசையும் மகளிர் குழுவின் வாய்விட்டுப் படிக்கும் கணக்கையும் எடுத்துக்கொண்டோம். பதவிக்காலம் மட்டும் இரண்டு வருடம், ஒரு வருடத்தில் நகராட்சிக் கோப்பு ஒன்றுகூட நகராது. ஒருநாள் பயிலரங்கு வைக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். திரையில் படம், போண்டா, சான்றிதழ். வேண்டாம் என்றேன். மறுவாரமே கையில் ஒரு வேலையைக் கொடுக்காத பயிற்சியில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

இணைச் செயலாளராக டியூஷன் எடுக்கும் ஓர் இளம்பெண் வந்திருக்கிறார். போன மாதக் கூட்டத்தில் வரவு செலவை அவர்தான் வாசித்தார். பழைய செயலாளர் ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாதியில் கை தூக்கினார். "சார், அவங்க முடிச்சிடட்டும்" என்றார் தலைவர். கை இறங்கியது. நாற்பது ரூபாய் இடித்தது உண்மைதான். அன்று ராத்திரியே அந்தப் பெண்ணே கண்டுபிடித்து வாட்ஸ்அப் குழுவில் திருத்திப் போட்டார்.

பீரோ சாவி மட்டும் இன்னும் பழைய செயலாளர் வீட்டில்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குள் கேட்டு வாங்க வேண்டும். யார் கேட்பது என்பதுதான் முடிவாகவில்லை.