பழைய விடையும் புதிய கேள்வியும்: ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பத்தாண்டுகள்

கல்லூரியில் பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கியிருக்கும் நண்பரின் மகள், நிரலாளர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டு விடை எழுதும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கணக்குத் தொடங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டாள். பத்தாண்டுகளாக அங்கே கேள்வி கேட்டும் விடை எழுதியும், பின்னர் பிறர் கேள்விகளை மூட வாக்களித்தும் வந்திருக்கும் எனக்கு, உடனே 'தொடங்கு' என்று சொல்ல வாய் வரவில்லை.

நல்ல கேள்விக்கும் விடைக்கும் பிறர் வாக்கிட்டால் புள்ளி சேரும் என்பது அறிந்த கதை. எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விதி: ஒருவரின் விடைக்கு எதிர்வாக்கு இட்டால் அவருக்கு 2 புள்ளிகள் குறையும், இட்டவருக்கும் 1 புள்ளி போகும். குறை சொல்வதற்குக் கைக்காசு கொடுக்க வேண்டியிருப்பதால், வாக்கிடும் முன் மனிதர் ஒருமுறை யோசிக்கிறார். கேள்விகளுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. புதியவர்களின் கேள்விமீது மட்டும் கை இவ்வளவு தாராளமாக நீள்வது அதனால்தானோ என்னவோ.

உறுத்துவது, 'ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி' என்று பழைய கேள்வியைக் காட்டி, புதிதாக யாரும் விடை எழுத முடியாதபடி மூடும் வழக்கம். 3,000 புள்ளிகள் பெற்றவர்களில் மூவர் வாக்களித்தால் போதும். 2019க்கு முன்பு ஐவர் தேவைப்பட்டனர். ஒரே ஐயத்துக்கு நூறு இடங்களில் அரைகுறை விடைகள் சிதறிக் கிடப்பதைவிட, ஓரிடத்தில் நல்ல விடை இருப்பது மேல் என்ற நோக்கத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த ஓரிடம் பழசாகிப்போனால் என்ன செய்வது?

2020இல், விசைப்பலகையிலிருந்து ஓர் எண்ணை வாங்குவது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். நூறுமுறை பார்த்த கேள்வி என்ற அலுப்பில், பழைய கேள்வி ஒன்றைச் சுட்டி மூட வாக்களித்தேன். மற்ற இருவரும் வந்து சேர, சில நிமிடங்களில் கதை முடிந்தது. சற்று நேரத்தில் அவர் தம் கேள்வியின் கீழே எழுதினார்: நீங்கள் சுட்டிய விடையில் 'ரா இன்புட்' என்றிருக்கிறது, எனக்கு அப்படி ஒரு பெயரே இல்லை என்று பிழை வருகிறது. உண்மைதான். அது பைத்தான் 2இன் கட்டளை. அந்தப் பதிப்புக்கான ஆதரவு அவ்வாண்டின் முதல் நாளோடு நின்றுவிட்டிருந்தது. பழைய விடையோ, கேட்டவர் ஏற்ற விடை என்ற பச்சைக் குறியுடன் உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது. அந்த விடையின் கீழேயே இதைச் சொல்ல அவருக்கு அன்றைய விதிப்படி 50 புள்ளிகள் வேண்டும்; அவரிடம் இருந்ததோ 1. பிழையை நேரில் கண்டவருக்கு வாயில்லை, விடையைத் திறந்தே பார்க்காத எனக்கு வாக்கிருந்தது.

வெட்கத்தோடு பழைய விடையைத் திருத்தி, பைத்தான் 3க்கான 'இன்புட்' வரியைச் சேர்த்தேன். பிறர் எழுதியதை இப்படிச் செப்பனிட முடிவதுதான் அந்தத் தளத்தின் பெரும் வசதி. ஏற்கப்பட்ட விடையை உச்சியில் நிறுத்தும் வழக்கத்தையும் 2021இல் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில், சரளமாகப் பொய் சொல்லும் சாட்ஜிபிடி விடைகளுக்குத் தடை விதித்ததும் நல்ல முடிவே.

இவ்வளவு பாராட்டிவிட்டு, அவளிடம் நான் சொன்னது இதுதான்: தேடிப் படி, ஒவ்வொரு விடையின் தேதியையும் பார், கேள்வி ஏதும் இருந்தால் முதலில் எனக்கு அனுப்பு.