கர்சரா, பல்க்கா, ஒத்தை அப்டேட்டா: கூலி பில் ப்ராசீஜர்ல எதை எங்கன வைக்கணும்

கர்சர் (டேட்டாபேஸ் டேபிள்ல இருக்குற ரோவை, அதாவது வரியை, ஒவ்வொண்ணா எடுத்து வேலை பாக்குற முறை) ஸ்லோ, கர்சர் போடாதன்னு எந்த டீம் லீடும் சொல்லிருவாரு, ஏன்னு கேட்டா பாதிப் பேரு "அது அப்படித்தாம்வே"ன்னு முடிச்சிருவாங்க. எனக்கு அந்தப் பேச்சு ஒத்துக்கிடாது. வேகத்தை மட்டும் வச்சு எடை போட்டா பாதிக் கதைதான் தெரியும், மீதி நடுவுல ஒரு ரோ உடையும்போதுதான் வெளிய வரும். ஒரு லட்சம் ரோல ஒண்ணே ஒண்ணு மக்கர் பண்ணுச்சுன்னா மத்ததெல்லாம் என்ன ஆகும், எந்த ரோ உடைஞ்சுச்சுன்னு எங்கன போயிப் பாக்க, திரும்ப ஓட்டுனா ஏற்கனவே ஏறுனது ரெண்டாந்தடவை ஏறிருமா, நான் இதைத்தான் மொதல்ல பாப்பேன், வேகம் அதுக்குப் பொறவுதான்.

நம்ம ஊரு ஆளுகளுக்கு விளங்குற உதாரணமாவே எடுத்துக்கிடுவோம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் பீடி சுத்துற வீடு எத்தனைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கடைல இலையும் தூளும் வாங்கிட்டுப் போயி, சுத்தி, கட்டுக் கட்டாக் கொண்டுவந்து போட்டா, கழிவு போக மிச்சத்துக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. அதுல பி.எஃப். பிடிப்பு வேற (பீடித் தொழிலுக்கு வழக்கமான 12 சதவீதம் கெடையாது, 10 சதவீதம்தான், இது தெரியாம 12-ஐ கோடுக்குள்ளயே எழுதி வைக்கிறவங்க உண்டு). இதுக்கு ஆரக்கிள் டேட்டாபேஸ்ல வாராவாரம் ஓடுற கூலி பில் ப்ராசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளயே இருக்குற புரோகிராம்) எழுதுறோம்னு வச்சுக்கோங்க.

மொதல்ல கர்சரே தேவைப்படாத வேலை. 2019 நவம்பர் 22-ம் தேதி தென்காசி தனி மாவட்டமாச்சு, ஆலங்குளம், கடையம், சங்கரன்கோவில் எல்லாம் அங்கிட்டுப் போயிருச்சு, முக்கூடல் திருநெல்வேலிலயே நின்னுருச்சு. தொழிலாளி டேபிள்ல மாவட்டக் கோடை மாத்தணும், அவ்வளவுதான் வேலை. இதுக்குப் போயி ஒரு கர்சரைத் திறந்து, ஒவ்வொரு ஆளா ஃபெட்ச் பண்ணி (எடுத்து வந்து), இஃப் போட்டு, அப்டேட் போட்டு, நாப்பது வரி எழுதுறவங்களை இன்னைக்கும் பாக்கலாம். ஊர் டேபிளோட சேத்து ஒரே அப்டேட், இல்லன்னா ஒரு மெர்ஜ் (இன்னொரு டேபிளோட பொருத்திப் பாத்து மாத்துற ஸ்டேட்மென்ட்), நாலு வரில முடிஞ்சிரும்.

ஆனா ஒத்தை அப்டேட்டுக்கு ஒரு குணம் உண்டு. நடுவுல ஒரு ரோ செக் கன்ஸ்ட்ரெய்ன்ட்ல (டேபிள்ல போட்டு வச்ச கட்டுப்பாட்டு விதி) மாட்டுச்சுன்னா அந்த ஸ்டேட்மென்ட் செஞ்ச அத்தனையும் திரும்பிரும், ஒண்ணுமே நடக்காத மாதிரி. மாவட்டக் கோடு மாத்துறதுக்கு இது வரம், பாதி மாறி பாதி மாறாம கெடந்தாத்தான் தலைவலி. கூலி பில்லுக்கு அது ஆகாது, ஒருத்தர் பாஸ்புக்ல எவனோ தப்பா அடிச்சு வச்ச நம்பருக்காக மத்த அத்தனை பேரோட கூலியையும் நிறுத்த முடியாதுல்லா.

அதுக்குத்தான் ஆரக்கிள் 10ஜி ரிலீஸ் 2 வெர்ஷன்ல லாக் எர்ரர்ஸ் கொண்டு வந்தாங்க. டிபிஎம்எஸ்_எர்ர்லாக் பேக்கேஜை வச்சு ஒரு எர்ரர் டேபிளை உண்டாக்கிட்டு, அப்டேட்டோட வால்ல லாக் எர்ரர்ஸ் ரிஜெக்ட் லிமிட் அன்லிமிட்டெட்னு சேத்துட்டா உடைஞ்ச ரோ மட்டும் முழு எர்ரர் மெசேஜோட அந்த டேபிளுக்குப் போயிரும், மத்தது ஏறிரும். அந்த டேபிள்ல எழுதுறது தனி டிரான்சாக்‌ஷனா நடக்குறதால நீங்க பொறவு ரோல்பேக் அடிச்சாக்கூட (செஞ்சதை ரத்து பண்ணாக்கூட) எர்ரர் லிஸ்ட் அழியாது. இதுக்கும் ஒரு ஓட்டை உண்டு, அப்டேட்லயும் மெர்ஜ்லயும் யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே மதிப்பு ரெண்டு தடவை வரக் கூடாதுங்குற விதி) உடைஞ்சா இது தாங்காது, பழையபடி மொத்தமும் திரும்பிரும். சாதா இன்சர்ட்ல யூனிக் உடைஞ்சா தாங்கும். எங்க ஆபீஸ்ல இன்டர்வியூக்கு வார பையன்கள்ட்ட இதைக் கேட்டா பாதிப் பேருக்கு லாக் எர்ரர்ஸ்னு ஒண்ணு இருக்குறதே தெரியல, பாவம், அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா.

இனி பழைய ஆளு, எக்ஸ்ப்ளிசிட் கர்சர். ஓப்பன், ஃபெட்ச், லூப், க்ளோஸ். டீம்ல ஒரு தம்பி சொன்னான், "அண்ணாச்சி, இதுலதான் ஒவ்வொரு ரோவும் என் கண்ணு முன்னால போகுது, எது உடைஞ்சாலும் அங்கனயே பிடிச்சிருவேன், ஒத்தை அப்டேட்ல உள்ள என்ன நடக்குன்னே தெரியல." அவன் சொன்னதுல நியாயம் இருக்கு, அதை ஒத்துக்கிடத்தான் செய்யணும். லூப்புக்குள்ள ஒரு பிகின், எக்ஸெப்ஷன், என்ட் (எர்ரர் வந்தா பிடிக்குற பிளாக்) வச்சுட்டா எர்ரரை இதைவிட நுணுக்கமாப் பிடிக்க வேற வழி கெடையாது, இன்ன பாஸ்புக், இன்ன கடை, இன்ன காரணம்னு உங்க இஷ்டத்துக்கு எழுதி வச்சுக்கிடலாம். (அதுக்குள்ள வென் அதர்ஸ் தென் நல்னு, எந்த எர்ரர் வந்தாலும் சத்தமில்லாம விழுங்குற மாதிரி, போடுறவனை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன், கூலி வரலன்னு கடைல வந்து நிக்குற அக்காவுக்கு என்ன பதில் சொல்லுவான்?)

விலை என்னன்னா, ப்ராசீஜரை ஓட்டுற பி.எல்.எஸ்.க்யூ.எல். இன்ஜின் வேற, டேபிளைத் தொடுற எஸ்.க்யூ.எல். இன்ஜின் வேற, ஒவ்வொரு ஃபெட்ச்சுக்கும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கன்ட்ரோல் இங்கிட்டு இருந்து அங்கிட்டுப் போயிட்டு வரணும். சுத்துன பீடி ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடுத்துட்டு கடைக்கு நடந்தா எப்படி இருக்கும், அந்தக் கூத்துதான். ஒரு தடவை போயிட்டு வாரது கண்ணுக்கே தெரியாது, லட்சம் தடவை சேந்தாத்தான் தெரியும்.

இங்கன ஒரு விஷயம், 10ஜி-ல இருந்து கர்சர் ஃபார் லூப் (ஓப்பன், ஃபெட்ச், க்ளோஸை ஆரக்கிளே பாத்துக்கிடுற லூப்) போட்டா, கம்பைலரோட ஆப்டிமைஸ் லெவல் டீஃபால்ட்டா 2-ல இருக்குறவரைக்கும் ஆரக்கிளே உள்ளுக்குள்ள நூறு நூறு ரோவா எடுத்துக்கிடும், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். அதனால படிக்க மட்டும் செய்யுற வேலைக்கு, ரிப்போர்ட், ஃபைல் எழுதுறது இந்த மாதிரிக்கு, கர்சர் ஃபார் லூப்பே போதும், எழுதவும் சுலபம், க்ளோஸ் பண்ண மறக்குற பேச்சும் கெடையாது. கையால ஓப்பன், ஃபெட்ச் எழுதுறதுக்கு இந்த உபகாரம் கிடைக்காது. ஆனா லூப்புக்குள்ள ஒரு அப்டேட் இருந்துச்சுன்னா அது ஒவ்வொண்ணாத்தான் போகும், "ஆரக்கிளே பாத்துக்கிடும்னு படிச்சேனே"ன்னு நிறையப் பேரு ஏமாந்துபோறது இந்த எடத்துலதான்.

லூப்புக்குள்ள கமிட் (செஞ்சதை நிரந்தரமாக்குறது) வேற போடுவாங்க, ஆயிரம் ரோவுக்கு ஒருக்கான்னு, அன்டூ (மாத்துறதுக்கு முந்துன டேட்டாவை வச்சுக்கிடுற எடம்) ரொம்பிரக் கூடாதாம். கர்சரைத் திறந்த நேரத்துல டேபிள் எப்படி இருந்துச்சோ அப்படியே காட்டணும்னா ஆரக்கிளுக்கு அந்த அன்டூதான் வேணும், நீங்க கமிட் பண்ணப் பண்ண அந்த எடத்தை வேற வேலை மேலெழுதிரலாம்னு ஆகுது, பைய ஓடிக்கிட்டு இருக்குற லூப் முக்கா தூரம் போன பொறவு ஓஆர்ஏ-01555 எர்ரர், ஸ்னாப்ஷாட் டூ ஓல்டுன்னு விழுந்துரும். ஃபார் அப்டேட் போட்டு, ரோவைப் பூட்டி வச்சுத் திறந்த கர்சர்னா இன்னும் மோசம், கமிட்டுக்கு அடுத்த ஃபெட்ச்லயே ஓஆர்ஏ-01002. அப்ப டேபிள் எந்த நிலமைல கெடக்கும்? பாதிப் பேருக்கு பில் ஆயிருக்கும், பாதிப் பேருக்கு ஆகல, எது எதுன்னு தனியா ஒரு காலம்ல குறிச்சு வைக்கலன்னா தீந்துச்சு.

இதுக்கு நடுவுல நிக்குறதுதான் பல்க் கலெக்ட்டும் ஃபார்ஆல்லும், ஆரக்கிள் 8ஐ காலத்துல வந்தது. ரோக்களை மொத்தமா ஒரு கலெக்‌ஷனுக்குள்ள இழுத்து, கணக்குப் போட்டு, மொத்தமா திருப்பி எழுதுறது. லிமிட் (ஒரு தடவைக்கு இத்தனை ரோன்னு) போடாம பல்க் கலெக்ட் பண்ணக் கூடாது, ஏன்னா கலெக்‌ஷன் உக்காருறது உங்க செஷனோட பி.ஜி.ஏ. மெமரில, டெஸ்ட் மெஷின்ல அஞ்சாயிரம் ரோவுக்கு ஜம்முனு ஓடும், புரொடக்‌ஷன்ல அம்பது லட்சம் வரும்போது ஓஆர்ஏ-04030 (மெமரி பத்தல) வந்து நிக்கும். லிமிட் எவ்வளவுன்னு கேட்டா நான் 100-ல ஆரம்பிச்சு 500, 1000 வரைக்கும் அளந்து பாக்கச் சொல்லுவேன், அதுக்கு மேல கூட்டிட்டே போனா பெரிசா ஒண்ணும் கிடைக்காது, ஒரு லட்சம் ஃபெட்ச் ஆயிரமாக் குறையுறதுலதான் லாபமே, ஆயிரம் நூறாகுறதுல மிஞ்சுறது கொஞ்சம்தான்.

லிமிட்ல ஒரு பொறி இருக்கு. ஒரு கடைல 1,037 பேரு, லிமிட் 100. பழைய கர்சர் பழக்கத்துல ஃபெட்ச்சுக்கு அடுத்த வரிலயே எக்ஸிட் வென் நாட்ஃபவுண்ட்னு (ரோ தீந்தா வெளிய வான்னு) எழுதிட்டா, பத்து தடவை நூறு நூறா வரும், பதினொண்ணாவது தடவை 37 பேரு வருவாங்க, கேட்ட நூறு கிடைக்கலங்குறதால நாட்ஃபவுண்ட் உண்மையாயிரும், லூப் வெளிய வந்துரும், அந்த 37 பேருக்கும் கூலி ஏறாது. எர்ரர் வராது, லாக்ல ஒண்ணும் இருக்காது, ப்ராசீஜர் சக்சஸ்னு பச்சையாக் காட்டும். மொத்தம் 1,000 பேரோட டெஸ்ட் பண்ணிருந்தா இது கண்ணுலயே பட்டிருக்காது, அதான் கொடுமை. கலெக்‌ஷன் கவுன்ட் சைபரான்னு பாத்து வெளிய வரணும், இல்லன்னா நாட்ஃபவுண்ட் வரியை லூப்போட கடைசிக்குக் கொண்டு போயிரணும்.

எழுதுற பக்கம் ஃபார்ஆல். சும்மா விட்டா மொத எர்ரர்லயே நின்னுரும். சேவ் எக்ஸெப்ஷன்ஸ் சேத்தா உடைஞ்சதை ஒதுக்கி வச்சுட்டு மத்ததை ஏத்திட்டு, கடைசில ஓஆர்ஏ-24381-னு ஒண்ணை எறியும், பல்க் எக்ஸெப்ஷன்ஸ்ங்குற லிஸ்ட்ல எத்தனையாவது ரோ, என்ன எர்ரர் கோடுன்னு இருக்கும். ஆனா கோடு மட்டும்தான், அதை எஸ்.க்யூ.எல்.எர்ர்எம் ஃபங்ஷன்ல போட்டுப் பாத்தா "செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் உடைஞ்சுச்சு"ன்னு சொல்லும், எந்த கன்ஸ்ட்ரெய்ன்ட்டுங்குற எடம் காலியாக் கெடக்கும். இந்த ஒரு விஷயத்துல லாக் எர்ரர்ஸ் ஜெயிச்சிருது, அது பேரோட எழுதி வைக்கும். ஃபார்ஆல்லுக்குள்ள இருக்குற இன்சர்ட்டுக்கும் லாக் எர்ரர்ஸ் சேக்கலாம், கூலி பில்லுக்கு நான் எடுக்குறது இதைத்தான்.

இதுக்கும் கமிட் பிரச்சினை உண்டா? உண்டு, பல்க்கா எடுத்தாலும் கர்சர் திறந்தேதான் கெடக்கு. அதனால நீளமா ஓடுற வேலைக்கு ஒரே கர்சரைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காராம, ஒவ்வொரு தடவையும் "இன்னும் பில் ஆகாத 500 பேரு"ன்னு புதுசா கேட்டு, ஏத்தி, ஸ்டேட்டஸை மாத்தி, கமிட் பண்ணிட்டு அடுத்த 500-க்குப் போறது நல்லது. கரண்ட் போயி நின்னாலும் திரும்ப ஓட்டுனா விட்ட எடத்துல இருந்து தானா ஆரம்பிக்கும். உடைஞ்ச ரோவுக்கு மட்டும் மறக்காம வேற ஸ்டேட்டஸ் குடுத்துரணும், இல்லன்னா அந்த ஒரே ஆளு திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருப்பாரு, லூப் முடியவே முடியாது.

அடுத்த சண்டை, நடுவுல தேங்குற டேட்டாவை எங்கன வைக்கணும், கலெக்‌ஷன்லயா, குளோபல் டெம்பரரி டேபிள்லயா (தற்காலிக டேட்டாவுக்கான டேபிள்). சின்ன லுக்கப்புக்கு, கடைக் கோடைக் குடுத்தா ரேட் வரணும்ங்குற மாதிரிக்கு, எழுத்துக் கோடை (வார்கேரக்டர்) இன்டெக்ஸா வச்ச அசோசியேட்டிவ் அர்ரே ரொம்ப அழகு, 9ஐ ரிலீஸ் 2-ல இருந்து இருக்கு. ஆனா அந்த டேட்டாவைத் திரும்ப இன்னொரு டேபிளோட ஜாயின் பண்ணப் போறீங்கன்னா டெம்பரரி டேபிள்தான். கலெக்‌ஷனை டேபிள் ஃபங்ஷன் வழியா ஜாயின் பண்ண முடியாதுன்னு இல்ல, முடியும், ஆனா உள்ள எத்தனை ரோ இருக்குன்னு ஆப்டிமைசருக்கு (க்வெரியை எப்படி ஓட்டணும்னு பிளான் போடுற பகுதி) தெரியாது, 8கே பிளாக்னா 8,168-னு ஒரு குருட்டுக் கணக்கை வச்சுக்கிட்டு பிளான் போடும். நீங்க வச்சிருக்குறது பன்னெண்டு ரோவா இருக்கும், அது தேவையில்லாம ஃபுல் ஸ்கேன் போகும். டெம்பரரி டேபிளுக்கு இன்டெக்ஸ் போடலாம், 12சி-ல இருந்து ஒவ்வொரு செஷனுக்கும் தனி ஸ்டேட்டிஸ்டிக்ஸும் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை, டீஃபால்ட்டா கமிட் அடிச்ச உடனே உள்ள இருக்குறது காலியாயிரும், அது இருக்கணும்னா பிரிசர்வ் ரோஸ்னு சொல்லி உண்டாக்கணும்.

மைக்ரோசாஃப்ட்டோட எஸ்.க்யூ.எல். சர்வர் ஆளுகளுக்கு இது டெம்ப் டேபிளா டேபிள் வேரியபிளாங்குற சண்டை. அங்கன 2019 வெர்ஷனுக்கு முன்னால டேபிள் வேரியபிள்ல எத்தனை போட்டாலும் ஆப்டிமைசர் ஒரு ரோன்னுதான் பொதுவா நினைச்சுக்கிடும், அதனால நிறைய ரோன்னா டெம்ப் டேபிள்தான். ஆனா ரோல்பேக் அடிச்சாலும் டேபிள் வேரியபிள்ல இருக்குறது அழியாது, டெம்ப் டேபிள்ல இருக்குறது போயிரும். உடைஞ்ச ரோ லிஸ்ட்டை அதுல வச்சுக்கிட்டு, ரோல்பேக் முடிஞ்ச பொறவு எர்ரர் டேபிள்ல எழுதிரலாம்.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல ஃபார் லூப் தானாவே உள்ளுக்குள்ள கர்சர்தான் வச்சுக்கிடும், மெமரி பயம் கெடையாது. வெர்ஷன் 11-ல இருந்து ப்ராசீஜருக்குள்ள கமிட் பண்ணலாம், ஆனா லூப்புக்குள்ள மொத கமிட் வந்த உடனே மிச்ச ரிசல்ட் மொத்தத்தையும் அப்பவே ஓட்டி எடுத்து வச்சுக்கிடும், 01555 மாதிரி விழாது, அதுக்குப் பதிலா அந்த மொத கமிட்ல ஒரு நீளமான நிறுத்தம் வரும். எக்ஸெப்ஷன் பிளாக் ஒவ்வொண்ணும் அங்கன ஒரு சப்டிரான்சாக்‌ஷன், லட்சம் ரோவுக்கு லட்சம் பிளாக்னா அது சும்மா வாராது, அதனால ரோவை மொதல்லயே சரிபாத்துட்டு சுத்தமானதை மட்டும் ஒத்தை இன்சர்ட்ல ஏத்துறதுதான் அங்கன தோது.

ரெஃப் கர்சரை இந்தப் போட்டிக்குள்ள இழுக்கவே கூடாது, அது வேற ஜாதி, ரிசல்ட்டை ஜாவாவுக்கோ டாட் நெட்டுக்கோ கைமாத்தி விடுறதுக்கு உள்ளது. பாஸ்புக் ஸ்க்ரீனுக்கு டேட்டா குடுக்க அதைவிட நல்லது கெடையாது. வாங்குன பக்கத்துல க்ளோஸ் பண்ணாம விட்டா ஓஆர்ஏ-01000 (திறந்த கர்சர் அளவு தாண்டிருச்சு) வரும், ஓப்பன் கர்சர்ஸ் செட்டிங்கோட டீஃபால்ட் வெறும் 50-தான், உடனே டி.பி.ஏ.-வை (டேட்டாபேஸைப் பாத்துக்கிடுறவரை) கூப்பிட்டு "ஆயிரமாக் கூட்டிக் குடுங்க அண்ணாச்சி"ன்னு நிக்காம, ஜாவா கோடுல க்ளோஸ் பண்ணுற ஃபைனலி பிளாக் இருக்கான்னு மொதல்ல பாருங்க.