ஆட்டோ ஹப்புக்குப் பதில் மேனுவல் ஹப்: சில மழைக்காலம் ஓட்டிய பிறகு

தாண்டிக்குடிப் பக்கம் காபி, மிளகு போட்டிருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துப் பாதையில் இறங்கினால் சேறுதான். ஃபோர் வீல் போடாமல் மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே போக முடியாது.

என்னுடையது தேவைப்பட்டால் மட்டும் முன் சக்கரத்தையும் சேர்த்துக்கொள்கிற வண்டி. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். முன் சக்கரத்தை ஆக்சிலோடு தானாகக் கோத்துவிடும் இந்த வகை ஆட்டோ லாக்கிங் ஹப் பல கம்பெனி வண்டிகளில் வந்திருக்கிறது, தேய்கிற விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். லீவரை ஃபோர் ஹைக்கு (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) தள்ளினால் முன் சக்கரத்துக்குள்ளிருந்து டர்ர்ரென்று பல் வழுக்கும் சத்தம், பிறகு ஒரு 'டங்'. நாளாக ஆக அந்த 'டங்' வராமலே போனது. டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு மட்டும் ஜோராக எரியும். அந்த விளக்கு, என்ஜின் சக்தியை முன் ஆக்சிலுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸைப் பற்றித்தான் சொல்கிறது, ஹப் கோத்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பலர் இதில்தான் ஏமாந்து கிளட்சையும் டயரையும் சந்தேகப்படுகிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஃபோர் வீல் போட்டதும் முன் ஆக்சில் சுற்றத் தொடங்கும். அந்தச் சுழற்சியில், சரிவாக வெட்டிய ஒரு கேம் பல் வளையத்தைத் தள்ளி ஹப்பின் உட்பல்லோடு கோக்கும். விடுவிக்க, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹைக்கு வந்து வண்டியைக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். சேற்றில் மாட்டினால் முன்னும் பின்னும் ஆட்டித்தானே எடுப்போம்? திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஹப் ஒரு கணம் விட்டு மறுபக்கம் கோக்கும். அந்த நேரம் பார்த்து ஆக்சிலேட்டரை மிதித்தால் பல்லின் நுனி அடி வாங்கும். மலைத் தோட்டத்து ஓட்டத்துக்கு இந்த அமைப்பு தோதே இல்லை என்பது என் கருத்து.

முதலில் ரிப்பேர்தான் செய்தோம். வத்தலக்குண்டில் கழற்றிப் பார்த்தபோது கிரீஸ் பழம்புளி மாதிரி கருத்து இறுகிக் கிடந்தது. இறுகிய கிரீஸில் பல் வளையம் நகராது. கழுவித் துடைத்து, லேசாகப் புது கிரீஸ் தடவி மாட்டியதும் சத்தம் நின்றது. பேரிங்குக்குத்தான் கிரீஸை அடைத்து வைக்க வேண்டும், ஹப்புக்குள் மெல்லிய பூச்சு போதும். ஆனால் இடது பக்கத்துப் பற்களின் ஓரம் அப்போதே மழுங்கியிருந்தது. நகத்தை வைத்துத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும், புதுப் பல்லில் நகம் சட்டென்று நிற்கும். ஒரு மழைக்காலம் தாங்கியது, அவ்வளவுதான். வெல்டு வைத்து லேத்தில் பல் வெட்டித் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. சூட்டில் அந்த இரும்பின் கடினம் போய்விடும். அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

புது ஆட்டோ ஹப் ஒரு ஜோடிக்குக் கேட்ட விலையில், கையால் திருகிக் கோக்கும் மேனுவல் ஜோடி வாங்கி இரு பக்கமும் பேரிங்கும் சீலும் மாற்றிக்கொள்ள முடிந்தது. கையால் திருகும் ஹப் பழைய சங்கதிதான். அமெரிக்காவில் வார்ன் கம்பெனி 1948-ல் தொடங்கியதே ஜீப்புகளுக்கு லாக்கிங் ஹப் செய்யத்தான். வாங்கப் போகும்போது பழைய ஹப்பைக் கையோடு கொண்டுபோங்கள். ஆக்சிலின் பல் எண்ணிக்கையும் போல்ட் ஓட்டைகளும் பொருந்த வேண்டும். சில வண்டிகளில் ஆட்டோ ஹப்பை எடுத்தால் பேரிங்கைப் பிடிக்கும் லாக் நட்டையும் மாற்ற வேண்டி வரும், அதையும் சேர்த்தே கேளுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஆக்சில் நுனியில் விழும் சர்க்ளிப்பை (ஆக்சிலை நகராமல் பிடிக்கும் வளையம்). அது காடியில் முழுசாக உட்காராவிட்டால் ஆக்சில் உள்ளே நகர்ந்து உரசும். ஆக்சில் நுனியில் மரை இருந்தால் ஒரு போல்ட்டை முறுக்கி வெளியே இழுத்துப் பிடித்தால் சுலபமாக விழும். பழைய கிளிப்பையே திரும்பப் போட விடாதீர்கள். முடித்த பிறகு முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஹப்பின் திருகு ஃப்ரீயில் இருந்தால் சக்கரம் மட்டும் சுற்ற வேண்டும். லாக்கில் ஆக்சிலும் கூடவே சுற்ற வேண்டும்.

இனி பயன்பாடு. சத்தம் இல்லை, வழுக்கல் இல்லை. இறக்கத்தில் என்ஜின் பிடிப்பு முன் சக்கரத்துக்கும் சீராக வருகிறது. பழையதில் அது விட்டு விட்டுத்தான் வரும். தொல்லை என்றால் இறங்கித் திருக வேண்டியதுதான். மழையில் நனைந்து, காலில் அட்டை ஏற, குனிந்து திருகுவது யாருக்கும் பிடிக்காது. அதனால் மழைக்காலத்தில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே இரண்டையும் லாக்கில் போட்டுவிடுகிறேன். லீவர் டூ ஹையில் இருக்கும்வரை தார்ச்சாலையில் இதனால் கெடுதல் இல்லை. முன் ஆக்சில் சும்மா சுற்றும். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் ஹை போட்டு வளைப்பதுதான் கூடாது. ஃப்ரீயில் போட்டால் மைலேஜ் ஏறும் என்கிறார்கள். என் வண்டியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தெரியவில்லை.

வேறு யாராவது ஓட்டினால் ஒன்றைச் சொல்லியே கொடுங்கள்: ஒரு பக்கம் லாக், மறு பக்கம் ஃப்ரீ என்று விட்டால், இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் அதை எல்லாம் ஃப்ரீயான பக்கத்துக்கே விட்டுவிடும், முன்னால் துளியும் இழுக்காது. கோடையில் மாதம் ஒரு தடவையாவது லாக்கில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் முன் டிஃபரன்ஷியலில் ஆயில் எல்லா இடத்துக்கும் போகும்.

நெடுஞ்சாலையிலேயே ஓடி, வருடத்தில் எப்போதோ ஒரு முறை மண்ணில் இறங்கும் வண்டி என்றால் ஆட்டோவையே சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம், மாற்றத் தேவையில்லை. என் வண்டியில் இப்போது வலது பக்கத் திருகு மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. ஓ-ரிங் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்திருக்கும் என்கிறார் மெக்கானிக். அடுத்த மழைக்கு முன்னால் இரண்டு பக்கமும் மாற்றிவிட வேண்டும்.